கிடைக்காமற் போன ஏற்புரை: பியூரிட்டன்களும் நாங்களும்

லண்டன் கோலியர்ஸ் வுட்டின் குளிரைத் தன் குரலால் குறைக்கும் வல்லமை வாய்ந்த அவைத்தலைவர் சண்முகராசா அண்ணை அவர்களே! வலப்புறத்தில் வீற்றிருக்கும் வைத்தியர், வார்த்தைக்குப் பஞ்சமே அறியாத வள்ளல், ரங்கராஜன் அவர்களே! முழங்கால் வலியை முணுமுணுக்காமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே! பிள்ளைகளை நீச்சலுக்கும் வயலினுக்கும் கணக்கு வகுப்புக்கும் ஏற்றி இறக்கிவிட்டு, கார் பூட்டிய திறப்பைக் கீழே வைக்கவும் நேரமில்லாமல் வந்து சேர்ந்திருக்கும் தாய்மாரே! கதவருகில் நின்றபடியே கேட்டுவிட்டு நின்றபடியே நழுவிவிடலாம் என்று நினைத்திருக்கும் தந்தைமாரே! சமையலறைப் பக்கத்திலிருந்து வடை வாசனை அனுப்பி என் சிந்தனையைச் சிதறடிக்கும் சகோதரிகளே! அனைவருக்கும் என் சிரந்தாழ்ந்த வணக்கம். சிரம் உண்மையாகவே தாழ்கிறது. அதில் முடி இல்லாத காரணத்தால் மேடை வெளிச்சம் பட்டு உங்கள் கண் கூசினால் பொறுத்தருள்க.

இன்று எனக்குத் தரப்பட்ட பொருள், அமெரிக்க மண்ணில் முதன்முதல் பேனா பிடித்த பியூரிட்டன்களும் அவர்களுடைய எளிய எழுத்து நடையும். எளிய நடையைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள்! உபவாசத்தைப் பற்றிப் பேச ஒரு பரோட்டாக் கடைக்காரரை அழைத்தது போல இருக்கிறது, இல்லையா? வீட்டிலிருந்து புறப்படும்போது என் மனைவி கனகாம்பிகை வாசலில் நின்று வழியனுப்பினார். எப்படி?

"உங்களுக்கு மைக் குடுக்கிறதும் சின்னப் பிள்ளைக்குப் பென்சில் குடுக்கிறதும் ஒண்டுதான். சுவர் முழுக்கக் கிறுக்கிப்போட்டுத்தான் திருப்பித் தருவியள்."

யாரோ பின்னால் "ஓம், ஓம்" என்கிறார். தெரிகிறது. அவர் என் மைத்துனர். அவருடைய சாட்சியம் செல்லாது.

யார் இந்தப் பியூரிட்டன்கள்? தூய்மை வேண்டும், துலக்கம் வேண்டும், ஆண்டவனுக்கும் அடியவனுக்கும் நடுவே ஆடம்பரம் எதற்கு என்று ஆயிரத்து ஐந்நூறுகளின் பிற்பாதியில் இந்த இங்கிலாந்தில் எழுந்த ஒரு கூட்டம். கோவிலில் சித்திரம் வேண்டாம், சிலை வேண்டாம், குருவானவருக்குப் பட்டு அங்கி வேண்டாம் என்றார்கள். குருவானவருக்கே பட்டு வேண்டாம் என்றவர்கள், வசனத்துக்குப் பட்டு உடுத்துவார்களா? உடுத்தவில்லை! ஏர் பிடிக்கிறவனுக்கு விளங்காத சொல் ஏட்டிலும் வேண்டாம், பிரசங்கத்திலும் வேண்டாம் என்றார்கள். முதலில் வேத வசனம். பிறகு அதன் பொருள். பிறகு அதற்கான காரணம். கடைசியில், நீ வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியது என்ன. முடிந்தது பிரசங்கம். உவமை வேண்டுமா? அடுப்படிக்குப் போ. அங்கே துடைப்பம் இருக்கிறது, சாம்பல் இருக்கிறது, ஊசியும் நூலும் இருக்கின்றன. அதற்கு மேல் என்ன உவமை?

நாட்குறிப்பு எழுதினார்கள். நாங்கள் எழுதும் நாட்குறிப்பா? கவுன்சில் வரி கட்டும் திகதி, மச்சானுடைய மகளின் சாமத்தியச் சடங்கு, காருக்கு வருடாந்த எம்.ஓ.டி. சோதனை; இதுதானே எங்கள் நாட்குறிப்பு? அவர்கள் தங்கள் நெஞ்சைக் கழற்றி மேசையில் வைத்து எழுதினார்கள். பல்வலி வந்ததா? நான் என்ன பிழை செய்தேன், ஆண்டவன் எதை உணர்த்துகிறான் என்று எழுதினார்கள். எங்களுக்குப் பல்வலி வந்தால் யாரை ஆராய்வோம்? பல் வைத்தியரைத்தான் ஆராய்வோம்!

ஆனால் அவையோரே, அவர்களும் மனிதர்கள். அவர்களுடைய பிரசங்க மேடையில் ஒரு மணற்கடிகாரம் இருக்கும். மணல் கொட்டி முடிந்தால் ஒரு மணித்தியாலம். முடிந்ததும் குருவானவர் நிறுத்துவாரா? அதைப் பக்குவமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னொரு மணித்தியாலம் தொடங்குவாராம்! இதை வாசித்தபோதுதான் எனக்கு அவர்கள் மீது பாசம் பிறந்தது. நம்ம ஆட்கள்! யாராவது இறந்தால் இறந்தவருடைய பெயரின் எழுத்துகளைக் குலைத்துப் போட்டு அதிலிருந்தே ஓர் இரங்கற்பா கட்டுவார்கள். எளிமை, எளிமை என்றவர்களுக்கும் சாவீட்டில் கை சும்மா இருக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுதந்திரம் தேடிக் கடல் கடந்து போனவர்கள், அடுத்தவன் கொஞ்சம் வேறு மாதிரி வழிபட்டபோது அவனை ஊரை விட்டே துரத்தினார்கள். அந்த மண்ணின் பழைய குடிகளுக்குச் செய்ததைச் சொல்லவே வேண்டாம். சுத்தமான வசனத்தை எழுதிய கைகள் எல்லாம் சுத்தமான கைகள் அல்ல.

அவர்களில் ஒரு பெண், கடலுக்கு அப்பால், பிள்ளைகளுக்கும் அடுப்புக்கும் இடையில் கவிதை எழுதினார். உறவினர் ஒருவர் அதை எடுத்துக் கப்பலேறி, இந்த லண்டனிலேதான் அச்சடித்தார். அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை. புத்தகத்தின் முன்பக்கங்களில் ஆண்கள் பலர் பாராட்டி எழுதியிருந்தார்கள். புத்தகத்தை எழுதியவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் கருத்துக் கேட்டாகிவிட்டது! நீங்கள் சிரிக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சிரிப்பை இன்னும் கொஞ்ச நேரத்தில் நானே திருப்பி வாங்கப் போகிறேன்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? நான் நூலகத்தில் தவம் கிடந்தேனா? நூலகத்துக்கு நான் போவது அங்கே கழிவறை இலவசம் என்பதற்காக. இவ்வளவையும் நான் தமிழில் வாசித்தேன். எழுதியவர் நம்மிடையே வாழும் செபஸ்தியாம்பிள்ளை அண்ணை. புத்தகத்தின் பெயர் 'கடலைக் கடந்த சாதாரணச் சொல்'.

செபஸ்தியாம்பிள்ளை அண்ணை ஒரு கத்தோலிக்கர். பியூரிட்டன்கள் உயிரோடு இருந்திருந்தால் இவருடைய கழுத்துச் செபமாலையைக் கண்ட மாத்திரத்தில் இவரைத் தேம்ஸ் நதியில் தள்ளியிருப்பார்கள். அவர்களைப் பற்றி இவர் ஏன் எழுதினார்? இவர் ஊரிலிருந்து முதலில் போய்ச் சேர்ந்தது ஒல்லாந்தில் உள்ள லைடன் நகரம். அங்கே பூக்கிழங்கு பொதி செய்யும் கொட்டிலில் வேலை. வேலைக்குப் போகும் வழியில் ஒரு பழைய தேவாலயச் சுவரில் ஒரு கல்வெட்டு. இங்கிலாந்திலிருந்து ஓடி வந்த பியூரிட்டன் கூட்டத்தில் ஒரு பிரிவினர், அமெரிக்காவுக்குக் கப்பலேற முன்னர், பத்து வருடத்துக்கு மேல் அந்த ஊரில் அகதிகளாக இருந்திருக்கிறார்கள். அவர்களும் கூலி வேலைதான். அவர்கள் ஏன் அங்கிருந்தும் கிளம்பினார்கள் தெரியுமா? வாழ்க்கை கடினம், அதோடு, எங்கள் பிள்ளைகள் டச்சுப் பிள்ளைகளாக மாறிப் போகிறார்கள் என்ற பயம்!

ஆகா, தாய்மார் தலையாட்டுகிறீர்கள். ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள், பிரான்ஸிலிருந்து வந்தவர்கள், நோர்வேயிலிருந்து வந்தவர்கள், எல்லோரும் ஆட்டுகிறீர்கள். அவர்கள் இங்கிலீஷைக் காப்பாற்றுவதற்காக ஒல்லாந்தை விட்டார்கள். நாங்கள் இங்கிலீஷைப் பிடிப்பதற்காக ஒல்லாந்தை விட்டோம். அவ்வளவுதான் வித்தியாசம். செபஸ்தியாம்பிள்ளை அண்ணையும் அப்படித்தான், மனைவி லூர்தம்மா அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோலியர்ஸ் வுட்டுக்கு வந்தார். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் இடையில் வாசித்து, எழுதி, திருத்தி, அந்தப் புத்தகத்தை முடித்தார். புத்தகம் முழுவதிலும் வியப்புக்குறி ஒன்றுகூடக் கிடையாது. நான் தேடிப் பார்த்தேன். இந்தப் பேச்சில் நான் செலவழிப்பவற்றைக் கேட்டால் அவருக்குக் காய்ச்சல் வரும்.

போன வருடம், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஐப்பசி மாதம், ஈஸ்ட் ஹாமில் ஒரு மண்டபத்தில் அந்தப் புத்தகத்தின் வெளியீட்டு விழா. உங்களில் பாதிப் பேர் அங்கே இருந்தீர்கள்.

அன்று உங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எனக்கும் தெரியாது. அண்ணையின் குரல் கரகரத்திருந்தது, நினைவிருக்கிறதா? குளிர் என்று நினைத்தோம். தொண்டையில் புற்றுநோய். அடுத்த வியாழக்கிழமை சத்திரசிகிச்சை. குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவார்கள். அந்தச் சனிக்கிழமை விழாதான் அவர் தன் சொந்தக் குரலில் ஒரு சபையில் பேசக்கூடிய கடைசி நாள். அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவரும் லூர்தம்மா அக்காவும்.

நம் வெளியீட்டு விழா முறை உங்களுக்குத் தெரியும். மங்கல விளக்கு. மௌன வணக்கம். தமிழ்மொழி வாழ்த்து. வரவேற்பு நடனம். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை. முதற்பிரதி வாங்குபவர், சிறப்புப் பிரதி வாங்குபவர்கள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் படம். பிறகு நயப்புரை, ஆய்வுரை. எல்லாம் முடிந்து, எல்லோரும் களைத்து, பிள்ளைகள் நாற்காலியில் தூங்கிய பிறகு, ஏற்புரை. அதாவது, புத்தகத்தை எழுதிய அந்த மனிதர் வாய் திறக்கும் நேரம்! கலியாண வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு மாப்பிள்ளைக்கு இலை போடுகிற மாதிரி. வேறு எந்த நாட்டில் இந்த முறை இருக்கிறது? யார் கண்டுபிடித்தார்? நாங்கள்தான். நாமேதான்!

விழா தொடங்க முன்னர் அண்ணை, விழாக் குழுச் செயலாளர் பிரியந்தனிடம் போனார். பிரியந்தன் இதோ இங்கே இருக்கிறார். நான் சொல்லட்டுமா என்று கேட்டேன், சொல்லுங்கோ என்றார்.

"தம்பி, என்னை முதலிலை விடேலுமே? பத்து நிமிசம் காணும்."

"அண்ணை, ஏற்புரை கடைசியிலைதானே. நீங்கள் முதலிலை கதைச்சால் பிறகு மற்றவை எதைப் பாராட்டுறது?"

"நான் கதைச்சதையே பாராட்டட்டுமன்."

"பகிடி விடாதேங்கோ அண்ணை. முறை எண்டு ஒண்டு இருக்கு. போய் இருங்கோ, பொன்னாடை வருது."

அண்ணை போய் இருந்தார். காரணத்தைச் சொல்லவில்லை. பிரியந்தனை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விளக்கேற்றும் முன்னரே மைக்கைக் கொடுத்திருப்பார். எளிய வார்த்தையின் அருமையைப் புத்தகம் முழுக்க எழுதியவர், எனக்கு வியாழக்கிழமை குரல் போகிறது என்ற ஓர் எளிய வசனத்தை அன்று சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் இரக்கப்பட்டுக் கேட்பார்கள் என்ற வெட்கம். இரக்கமில்லாமல் கேட்கட்டும் என்று நினைத்தார். நாங்கள் இரக்கமும் படவில்லை. கேட்கவும் இல்லை.

பேச்சுகள் தொடங்கின. எளிமையைப் பாராட்டி என்னென்ன பேச்சுகள்! எங்கள் வைத்தியர் எழுந்தார். ரங்கராஜன் சார், கோபிக்கக் கூடாது. "எளிமையின் இமயமே! அடக்கத்தின் ஆழியே! ஆடம்பரத்தை ஆணிவேரோடு அறுத்தெறிந்த அற்புத ஆலமரமே!" என்று தொடங்கினார். அண்ணை நெளிந்தார். மறுபடியும் ஒரு பொன்னாடை. அடுத்தவர் எழுந்து, எனக்கு முன் பேசியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றார். சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். அதற்கடுத்தவர் பியூரிட்டன்களை விட்டுவிட்டுத் தான் அமெரிக்காவுக்குப் போய் நயாகரா பார்த்த கதையைச் சொன்னார். அங்கேயும் வடை கிடைத்ததாம்.

அன்று நான் மேடையில் இல்லை. யாரும் அழைக்கவில்லை. அழைத்திருந்தால் நானும் ஒரு நயாகராவை ஊற்றியிருப்பேன். என் குற்றமின்மைக்குக் காரணம் என் ஒழுக்கமல்ல, என்னை யாரும் மதிக்காததுதான்.

மண்டபக் காவலாளி வந்து, பூட்டும் நேரமாகிவிட்டது என்று திறப்புக் கோர்வையை ஆட்டினார். தலைவர் அவருக்கு ஒரு வடை கொடுத்தார். மறுபடியும் வந்தார். மறுபடியும் வடை. மூன்றாம் முறை வந்தவர் வடை வாங்கவில்லை. நேரே போய் ஒலிபெருக்கியையும் மேடை விளக்கையும் அணைத்துவிட்டார். அப்போதுதான் அறிவிப்பாளர் வெறும் வாயால் கத்தினார், "இப்பொழுது ஏற்புரை!"

அண்ணை எழுந்தார். தோளில் நாலைந்து பொன்னாடை. கையில் ஒரு குறிப்பும் இல்லை. எல்லாம் மனதில் இருந்தது. நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தோம். உணவுப் பொதிக்கு வரிசையில் நின்றோம். செருப்புத் தேடினோம். யாருடைய கார் வழியை மறித்து நிற்கிறது என்று விசாரித்தோம். அண்ணையின் வாய் அசைந்தது. கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு கைகூப்பினார். நாங்கள் கை தட்டினோம்! கேட்காத பேச்சுக்குக் கை தட்டினோம்!

அவர் என்ன சொன்னார்? பிறகு, விசயம் தெரிந்த பிறகு, நான் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். வம்பு கேட்பதில் எனக்குத் தனித் தேர்ச்சி உண்டு. கிழக்கு லண்டன் பார்க்கிங் ஊரில் யார் வீட்டில் யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்பது மாப்பிள்ளைக்கு முன் எனக்குத் தெரியும். ஆனால் இதை மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவர், நன்றி சொன்னார் என்றார். இன்னொருவர், கடலைப் பற்றி ஏதோ என்றார். மூன்றாமவர் அண்ணை அன்று பேசவே இல்லை என்று சத்தியம் செய்தார்.

சில கிழமைகளுக்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போனேன். லூர்தம்மா அக்கா தேத்தண்ணி தந்துவிட்டு விழா வீடியோவைப் போட்டார்.

"பாருங்கோ. விளக்கு இருக்கு. டான்ஸ் இருக்கு. உங்கட மொட்டைத் தலையும் ஒரு இடத்திலை இருக்கு. மூண்டு மணித்தியாலம் ஓடுது. இவர் ஒரு வசனம் கதைக்கேல்லை."

"கடைசியிலை இருக்குமே அக்கா?"

"கமராக்காரத் தம்பி எல்லாத்தையும் கட்டிக்கொண்டு போயிட்டான். லைட் போனாப் பிறகு என்னத்தை எடுக்கிறதெண்டு. எத்தினை தரம் போட்டுப் பாத்திட்டன். பொன்னாடை போர்க்கிற நேரம் இவர் வாயைத் திறக்கிற மாதிரி ஒரு இடம் வரும். கிட்டப் போய்க் கேட்டால், அது ஆரோ மைக்கிலை கதைக்கிற சத்தம்."

அப்போது அண்ணை மாடியிலிருந்து இறங்கி வந்தார். கழுத்தில் ஒரு துணி. கையில் சின்ன டோர்ச் லைட் போல ஒரு கருவி. அதைக் கழுத்தில் அழுத்திப் பிடித்தால்தான் இப்போது அவருக்குப் பேச்சு. மெசினுடைய குரல். சந்தோசத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே சத்தம்.

"இஞ்சை பார்," என்றார் என்னிடம். "இப்ப என்ரை குரலிலை ஏத்தமும் இல்லை, இறக்கமும் இல்லை. அலங்காரம் துப்புரவா இல்லை. நான் எழுதின பியூரிட்டன் ஆக்கள் கேட்டால் சந்தோசப்படுவினம்."

சிரித்தார். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை.

"சிரிக்காதேங்கோப்பா," என்றார் லூர்தம்மா அக்கா. என் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் வீட்டுக்குள்ளைதான். வெளியிலை இதைக் கொண்டு போக மாட்டாராம். கடையிலையும் கையாலை காட்டுறார். சனம் திரும்பிப் பாக்குமாம்."

நான் கேட்டேன், "அண்ணை, அண்டைக்குச் சொல்ல நினைச்சதை எங்களுக்கு ஒருக்காச் சொல்லுவியளே? கூட்டம் வைக்கிறம். வாறியளே?"

அண்ணை கருவியைக் கழுத்தில் வைத்தார். "கடைசியிலை விட்டால் வர மாட்டன்."

"முதல் ஆளா விடுறம். நான் மட்டும் முன்னாலை கொஞ்சம் உங்களை அறிமுகப்படுத்தி…"

"அதைத்தான் போனமுறையும் எல்லாரும் செய்தவை."

அவையோரே, வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு லூர்தம்மா அக்கா நடுவில் வந்து, "ஐயோ, அந்த மனுசன் பேசாட்டில் வருத்தம் வந்து படுத்திடும், கொஞ்சம் விடுங்கோ," என்று எனக்காகப் பரிந்து பேசியதால், எனக்குச் சொற்ப நேரம் கிடைத்தது. அது முடிந்துகொண்டிருக்கிறது.

நண்பர்களே! நாங்கள் தமிழை நேசிக்கிறோம். ஐயமே இல்லை. எங்கிருந்து விரட்டினாலும் எடுத்துக்கொண்டு ஓடி வந்த சொத்து அது. அள்ளி அள்ளி இறைக்கிறோம். ஆனால் யாருக்காக இறைக்கிறோம்? ஒரு மனிதனைப் பாராட்டுகிறோம் என்று சொல்லி, அந்த மனிதன் பேச வேண்டிய நேரத்தை நாங்கள் தின்றோமே, அது பாராட்டா? இமயம் என்றோம், ஆழி என்றோம், ஆலமரம் என்றோம். அண்ணை, உங்களுக்குத் தொண்டைக்கு என்ன என்று ஒருவராவது கேட்டோமா? ஓர் அரங்கம் நிறையத் தமிழர். அத்தனை பேருக்கும் நாக்கு இருந்தது. ஒருவருக்காவது அன்று காது இருந்ததா?

திருத்திவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. திருத்த ஏலாது. அந்தக் குரல் போய்விட்டது. எந்த வீடியோவிலும் இல்லை, எங்கள் யாருடைய நினைவிலும் இல்லை. லூர்தம்மா அக்கா எத்தனை தரம் போட்டுப் பார்த்தாலும் அந்த இடத்தில் வேறு யாரோதான் பேசிக்கொண்டிருப்பார்கள். இன்று நாங்கள் கேட்கப் போவது அதற்கு ஈடு அல்ல. ஈடு என்று நினைத்து வீட்டுக்குப் போனால், இரண்டாம் முறையும் நாங்கள் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

வைத்தியர் ரங்கராஜன் இன்று ஆய்வுரை நிகழ்த்துவதாக இருந்தது. காலையில் தொலைபேசியில் அழைத்தார். "என் நேரத்தையும் அவருக்கே கொடுத்துடுங்க. நான் சும்மா உக்காந்து கேக்கறேன். அதுவே எனக்குப் புதுசு," என்றார். சார், உங்கள் பேச்சுகளிலேயே இதுதான் மிகச் சிறந்தது.

அண்ணை வந்திருக்கிறார். மூன்றாம் வரிசையில் ஓரத்தில், லூர்தம்மா அக்காவுக்குப் பக்கத்தில். கருவி இன்னும் கோட்டுப் பைக்குள் இருக்கிறது. கை பைக்குள் இருக்கிறது. வெளியே எடுப்பதா விடுவதா என்று அந்தக் கை இன்னும் யோசிக்கிறது. அவர் மேடைக்கு வர வேண்டாம். மைக்கை நானே கொண்டு போகிறேன். பொன்னாடை இல்லை. யாரும் கை தட்டாதீர்கள். அந்தச் சத்தத்தில் அவர் சொல்வது மறைந்துவிடும். திரும்பிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். நன்றாகத் திரும்பிப் பாருங்கள். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம். செபஸ்தியாம்பிள்ளை அண்ணை, அன்றைக்குக் கேட்காமல் விட்டவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம். சொல்லுங்கோ.